மற்றவை எனில் விவரிக்கவும்

உங்கள் பாரத்தைத் தமிழில் அச்சடித்திருப்பது எனக்கு மிகவும் பிடித்தது. மெட்ராஸிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் இங்கிலீஷில் நாலு பக்கத்தை நீட்டி, கீழே ஒரு மூலையைக் காட்டி, இங்கே கையெழுத்துப் போடுங்கள் என்பார்கள். நீங்கள் காபி குடித்துவிட்டு டம்ளரை நீங்களே கொண்டுபோய்த் தொட்டியடியில் வைத்தீர்கள். நிதானமாக எழுதுங்கள் சார், நாளைக் காலையில் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றீர்கள். அந்த மரியாதைக்காகவே ஒழுங்காக எழுதலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். மணி மூன்றுதான் ஆகிறது, பட்டறையிலும் வேலை இல்லை.

முதல் எட்டுக் கேள்விகளுக்கும் பாரத்திலேயே பதில் எழுதிவிட்டேன். பெயர், கிருஷ்ணசாமி. தொழில், விவசாய மெஷின் செய்து விற்பது. இடம், திண்டிவனம், மரக்காணம் ரோடு. ஆரம்பித்தது 1976. இன்றைய தேதிக்கு, அதாவது 1988 ஆகஸ்டில், வேலை செய்கிறவர்கள் நாலு பேர். ஒரு காலத்தில் இருபத்தாறு பேர் இருந்தார்கள்.

ஒன்பதாவது கேள்வியில்தான் நின்றுவிட்டேன். புதிய பொருள்களை உருவாக்க உங்கள் தொழிலாளர்களை எவ்வாறு ஊக்குவிக்கிறீர்கள் என்று கேட்டு, சம்பள உயர்வு, பரிசு, பயிற்சி, மற்றவை என்று நாலு கட்டம் போட்டிருக்கிறீர்கள். மற்றவை எனில் விவரிக்கவும், இடம் போதாவிட்டால் தனித்தாள் இணைக்கவும் என்றும் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில், அளிக்கும் விவரங்கள் ரகசியமாக வைக்கப்படும், ஆராய்ச்சிக்கு மட்டுமே பயன்படும் என்று தடித்த எழுத்தில் அச்சாகியிருக்கிறது. அச்சில் வந்ததை நான் நம்புகிறவன். ஆகையால் நாலாவது கட்டத்தில் டிக் அடித்துவிட்டு, இந்தத் தனித்தாள்களை இணைக்கிறேன்.

இந்தப் பக்கத்தில் மல்லாட்டைதான் எல்லாம், உங்கள் ஊரில் வேர்க்கடலை என்பீர்கள். காய்ந்த காயை உடைத்துப் பருப்பு எடுக்க அந்தக் காலத்தில் கையால் ஆட்டுகிற மெஷின் ஒன்று இருந்தது. நான் அதற்கு மோட்டார் வைத்து விற்க ஆரம்பித்தேன். மேலே தகரத் தொட்டி, கீழே சுற்றுகிற உருளை. தொட்டியில் காயைக் கொட்டினால் உருளை உடைத்துத் தள்ளும். வருஷத்துக்குப் பதினைந்து, இருபது போகும். விற்ற ஆறாவது மாதம் அதே மெஷின் பச்சைப் பெயின்ட் அடித்துக்கொண்டு விழுப்புரத்தில் நிற்கும். அங்கே சிக்கந்தர் பாட்சா என்று ஒருவர். கோட்டக்குப்பத்துக்காரர், ஏழு வருஷம் துபாயில் இருந்துவிட்டு வந்து பட்டறை போட்டார். நல்ல மனுஷர், அதை மறைக்க வேண்டியதில்லை. எங்கே பார்த்தாலும் வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று நின்று கேட்பார். கேட்டுவிட்டுப் போய் என் மெஷினைக் கழற்றி அளவு எடுப்பார்.

அவரை நான் குறை சொல்லவில்லை. வியாபாரம் அப்படித்தான். அவர் அளவு எடுத்து முடிப்பதற்குள் என்னிடம் அடுத்த புதுசு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார வேண்டியதுதான். உங்கள் படிப்பில் இதற்குப் பெரிய பெயர் ஏதாவது இருக்கலாம். எனக்கு அதன் பெயர் சவுரிராயன்.

சவுரிராயன் என் ஃபிட்டர். முகையூர்ப் பக்கத்திலிருந்து வந்தவன். லேத்தில் நின்றால் சாப்பாட்டு மணி அடித்தது தெரியாது. பேச்சு மட்டும் கல்லுளிமங்கன் மாதிரி. கேட்டால்தான் பேசுவான், கேட்டாலும் பாதியை விழுங்கிவிடுவான். 1979இல் வேலை நேரத்தில் எதையோ மாற்றிப் பார்க்கிறேன் என்று ஒரு புது மோட்டாரை எரித்துவிட்டான். ஒரு வாரம் கேட்டுக்கு வெளியே, போகிற வருகிறவர்கள் பார்க்கும்படி உட்கார வைத்தேன். அதற்குப் பிறகு அவன் பக்கத்திலிருந்து எந்தத் தொந்தரவும் இல்லை. சொன்னதைச் செய்வான், போவான்.

1981இல் அவன் தம்பி ஆரோக்கியத்துக்கு மூன்று விரல் போயிற்று. அவனும் என்னிடம்தான் வேலை. மல்லாட்டை தொட்டியின் கழுத்தில் அடைத்துக்கொண்டு இறங்காது. எல்லோரும் கையால் குத்திவிடுவார்கள். குச்சியால் குத்து என்று எழுதியே ஒட்டியிருந்தேன். யார் கேட்கிறார்கள். அதில் எனக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை, அது கடவுள் செயல். ஆஸ்பத்திரிக்குச் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு போனேன்.

சரியாகப் பத்தாம் நாள் சவுரிராயன் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றான்.

"மொதலாளி, ஒண்ணு சொன்னா திட்ட மாட்டீங்களே?"

"சொல்லு."

"தொட்டிக்குள்ள ஒரு தகடு தொங்க வுட்டுட்டா காயி போவும், கையி போவாது. கையி பட்டா தகடு மூடிக்கும்."

நாலு நாளில் செய்தும் காட்டிவிட்டான். பக்கத்தில் தொங்கிய ஒரு சின்னத் தகடு, இரண்டு திருகு, அவ்வளவுதான். இப்படி ஒன்று தமிழ்நாட்டில் யாரிடமும் இல்லை.

ஆனால் விவசாயி நம்ப வேண்டுமே. கண்டமங்கலத்திலிருந்து பெரியதம்பி என்று ஒருவர் வந்திருந்தார். பத்து காணி மல்லாட்டைக்காரர், வாய் நீளம். மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு, "யோவ், தகடு இருந்தா மெஷினு கடிக்காதுன்னு நீ சொல்ற. மெஷினைச் செஞ்சவன் வூட்டு ஆளு உள்ள கையை வுடட்டும். அப்பால வெலை பேசலாம்" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சாப்பாடு கொண்டுவந்திருந்த சவுரிராயன் மனைவி அடைக்கலமேரி, தூக்குச்சட்டியைக் கீழே வைத்துவிட்டு நேரே வந்து ஓடுகிற மெஷினில் கையை விட்டாள். தகடு மூடிக்கொண்டது. அவள் கையை எடுத்து, ஐந்து விரலையும் விரித்துப் பெரியதம்பிக்குக் காட்டினாள். அங்கேயே மூன்று மெஷின் விற்றது.

அன்றையிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. நான் எந்த ஊருக்கு மெஷின் கொண்டுபோனாலும், வூட்டுக் கை வந்திருக்குதா என்றுதான் முதலில் கேட்பார்கள். செய்தவன் வீட்டுப் பெண் கையை விட்டால்தான் வியாபாரம். என் வீட்டிலும் பெண்கள் உண்டு. என் மனைவிக்குத் தூசி ஒத்துக்கொள்ளாது. அதோடு மெஷினைச் செய்தவன் சவுரிராயன்தான், நான் அல்ல. இன்னொருவன் திறமையை என்னுடையது என்று சொல்லிக்கொள்கிற பழக்கம் எனக்குக் கிடையாது.

உங்கள் பாரத்தின் மூன்றாம் பக்கத்தில் வருஷவாரியாக விற்பனையைக் கோடாக வரையச் சொல்லியிருக்கிறீர்கள். வரைந்திருக்கிறேன். 1980இல் பத்தொன்பது. 1982இல் எழுபத்து நாலு. 1983இல் விழுப்புரத்தில் தகடு வைத்த பச்சை மெஷின் வந்துவிட்டது, என்னுடையது இருபத்திரண்டுக்கு விழுந்தது. பட்டறையில் உட்கார்ந்து ஈ ஓட்டினேன்.

அப்போது நான் செய்தவற்றைக் கேளுங்கள், அந்த முதல் மூன்று கட்டத்தையும் நான் விட்டு வைக்கவில்லை. சவுரிராயனுக்குச் சம்பளம் ஏற்றினேன். கோயமுத்தூரில் ஒரு மெஷின் கண்காட்சிக்கு என் செலவில் கூட்டிக்கொண்டு போனேன். பட்டறைக்குப் பின்னால் அவனுக்கென்று தனி அறை, மேஜை, ஃபேன், வரைய ஒரு கட்டுப் பேப்பர். இதில் உட்கார்ந்து புதுசாக யோசி, வேறு வேலை வேண்டாம் என்றேன். "நான் இன்னா மொதலாளி யோசிக்கப் போறேன், எனக்கு லேத்துதான் தெரியும்" என்றான். எட்டு மாதம். நான் உள்ளே போகும்போதெல்லாம் எழுந்து நிற்பான். அந்த எட்டு மாதத்தில் ஃபேன் றெக்கையை அவன் தவறாமல் துடைத்து வைத்தான் என்பதைத் தவிர வேறு எதுவும் நடக்கவில்லை.

எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆனால் நான் கோபத்தில் முடிவெடுக்கிறவன் அல்ல. ஒரு மெஷின் ஓடவில்லை என்றால் கடைசியாக ஓடியபோது என்ன செய்தோம் என்று பார்க்க வேண்டும். அவனுக்கு ஒரே ஒரு தடவைதான் யோசனை வந்திருக்கிறது. அதற்கு முந்தைய பத்து நாளில் என்ன நடந்தது என்று யோசித்தேன். சம்பளம் ஏறவில்லை. பரிசு இல்லை. பயிற்சி இல்லை. ஆரோக்கியத்தின் விரல் மட்டும்தான்.

இதை ஒத்துக்கொள்ள எனக்கே ஒரு மாதம் பிடித்தது. வேறு வழி இருக்கிறதா என்று எவ்வளவோ பார்த்தேன். இருபத்தாறு குடும்பம் என்னை நம்பியிருந்தது. பட்டறையை மூடினால் அவர்களில் எத்தனை பேர் பட்டினி கிடப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் இருபத்தாறு குடும்பம். இன்னொரு பக்கம் சில விரல்கள். நீங்கள் படித்தவர், நீங்களே சொல்லுங்கள்.

அந்த மாசியில் விழுப்புரத்தில் காட்சிக்கு ஏற்பாடு செய்தேன். மல்லாட்டை ஏலம் விடுகிற மார்க்கெட் கமிட்டிக்கு எதிரே காலி மனை, காயோடு வண்டிகள் வரிசையாக நிற்கிற நாள். காலையில் சவுரிராயன் மோட்டாருக்கு ஒயர் இழுக்கப் போயிருந்தபோது, ஸ்குரூ டிரைவரை எடுத்து அந்த இரண்டு திருகையும் கழற்றி, தகட்டை என் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். சின்னத் தகடு, அடையாளம் தெரியாது. தொட்டியில் காயைக் கொட்டிவிட்டால் உள்ளே தகடு இருக்கிறதா இல்லையா என்று மேலிருந்து பார்க்கிறவர்களுக்கும் தெரியாது.

அடைக்கலமேரிக்கு அதற்குள் நல்ல பழக்கம் வந்திருந்தது. கூட்டத்தைப் பார்த்து நாலு வார்த்தை பேசுவாள். "ஏன் பயந்துக்கினு நிக்கறீங்க, இது என் வூட்டு மெஷினு, என்னைக் கடிக்குமா" என்று சிரித்துக்கொண்டே வலது கையை விட்டாள். நாலு விரல். கட்டைவிரல் தப்பியது. முதலில் ஓடியவன் நான்தான், என் தோள்துண்டைக் கிழித்து மணிக்கட்டில் இறுக்கிக் கட்டியதும் நான்தான். நான் கட்டாவிட்டால் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரி வரைக்கும் தாங்கியிருக்காது என்று டாக்டரே சொன்னார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் சவுரிராயன் என்னிடம் கேட்டான். "தகடு இன்னா ஆச்சு மொதலாளி? தகடு இருந்தா கையி போவாதே."

"நீதானே நேற்று மாட்டினாய்? திருகை முடுக்கினாயா?"

விரலால் காற்றில் ஒரு திருகைத் திருப்பிப் பார்த்தான். "முடுக்கினேன்னுதான் நெனைக்கறேன்."

"நினைக்கிறாயா?" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். அவன் சுவரில் தலையை மோத ஆரம்பித்துவிட்டான். நர்ஸ் வந்து பிடித்தாள். தகடு ஆடி ஆடித் தளர்ந்து விழுந்திருக்கும், யார் வேண்டுமென்று செய்தார்கள், போனதை நினைக்காதே என்று நான் தேற்றினேன். அன்றைக்கு எனக்கு நெஞ்சு கனமாகத்தான் இருந்தது, அதை எழுதித்தான் ஆக வேண்டும்.

பன்னிரண்டாம் நாள் வந்தான். முகம் கறுத்துப் போயிருந்தது, கையில் ஒரு காகிதம். மெஷினுக்குக் கீழே காலால் மிதிக்கிற பலகை ஒன்று. மிதித்தால்தான் உருளை ஓடும், காலை எடுத்தால் அந்த நிமிஷமே நின்றுவிடும். வலியில் யாரும் துள்ளத்தான் செய்வார்கள், துள்ளினால் கால் பலகையிலிருந்து எழும்பிவிடும், மெஷின் நின்றுவிடும். எவ்வளவு அழகான யோசனை பாருங்கள். எட்டு மாதம் ஃபேனுக்குக் கீழே வராதது பன்னிரண்டு நாளில் வந்துவிட்டது. எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது.

1984இல் நூற்று அறுபது மெஷின் விற்றேன். பாரத்தில் நான் வரைந்த கோட்டைப் பாருங்கள், அந்த இடத்தில் அது செங்குத்தாக ஏறும். கடலூரில் ஒரு கூட்டத்தில் எனக்குச் சால்வை போர்த்தினார்கள். புதுமைதான் வளர்ச்சி என்று பத்து நிமிஷம் பேசினேன். அடைக்கலமேரிக்குப் பட்டுப் புடவை எடுத்துக் கொடுத்து, பட்டறை வாசலில் வருகிறவர்கள் பெயர் எழுதுகிற வேலையும் கொடுத்தேன். இடது கையால் எழுதப் பழகிக்கொண்டாள். எழுத்து கோணல், இருந்தாலும் நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

இரண்டு வருஷம் ஓடியது. 1986இல் மிதி பலகை வைத்த பச்சை மெஷினும் விழுப்புரத்தில் வந்துவிட்டது.

இந்தத் தடவை மல்லாட்டையை விட்டுவிட்டேன். திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் ஆற்றோரம் முழுக்கக் கரும்பு. வெல்லம் காய்ச்சுகிறவர்களுக்குச் சின்ன ஆலை ஒன்று மிதி பலகையோடு செய்தோம். கரும்பை இரண்டு உருளைக்கு நடுவே கொடுக்க வேண்டும், சாறு கீழே இறங்கும். நல்ல மெஷின்தான். ஆனால் இதுவும் ஒரு வருஷத்துக்குள் விழுப்புரத்துக்குப் போய்விடும் என்பது தெரியும். அதற்கு அடுத்தது என்ன என்று சவுரிராயனைக் கேட்டேன். தலையைச் சொறிந்தான். அடுத்ததற்கும் சேர்த்து இப்போதே ஏற்பாடு செய்வதுதான் புத்திசாலித்தனம் என்று எனக்குப் பட்டது.

அடைக்கலமேரியின் கை இனி காட்சிக்கு உதவாது. அந்தக் கையைப் பார்த்தாலே விவசாயி ஓடிவிடுவான். அவர்களுக்கு பிலோமினா என்று ஒரே மகள். பத்தொன்பது வயது, தையல் தெரியும், கல்யாணம் நிச்சயமாகி சர்ச்சில் ஓலை வாசித்து அறிவிக்கிற நிலையில் இருந்தது. அவளைக் கூட்டிக்கொண்டு வா என்றேன்.

"அவ வாணாம் மொதலாளி. நானே வுடறேன்."

"நீ விட்டால் எவன் நம்புவான்? செய்தவனுக்குக் கையை எதுவரைக்கும் விடலாம் என்று தெரியும் என்பான். அந்த ஊர் முருகையனைத் தெரியாதா உனக்கு?"

முருகையன் என்பவர்தான் அங்கே ஆலை போட இடம் கொடுத்தவர், ஊரில் பெரிய கரும்புக்காரர். நான் சொன்னது நியாயம் என்று சவுரிராயனுக்கும் தெரியும். இன்னொரு காரணம் இருந்தது, அதைச் சொல்லவில்லை. அவன் கை போனால் அப்புறம் யார் வரைவது.

அன்று காலையில் அவன் அந்தப் பலகையை நாற்பது தடவையாவது மிதித்துப் பார்த்திருப்பான். மிதிப்பான், காலை எடுப்பான், உருளை நிற்பதைப் பார்ப்பான், மறுபடி மிதிப்பான். பிறகு மகளை நிற்க வைத்து, "ஏதாவது ஒண்ணுன்னா கையை இழுக்காத, காலை எடு. காலை எடுத்தா நின்னுடும். காலுதான் முக்கியம், இன்னா?" என்றான். அவள் "தெரியும்பா, எத்தினி வாட்டி சொல்லுவ" என்று அலுத்துக்கொண்டாள். அவன் சாறு பிடிக்கக் குடம் எடுக்கப் போனான். மோட்டார் இன்னும் போடவில்லை, அவள் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னிடம் ஒரு முழம் கட்டுக்கம்பி இருந்தது. குனிந்து செருப்பைச் சரி செய்கிற மாதிரி, பலகையை அழுத்தி அடிச்சட்டத்தோடு ஒரு சுற்றுச் சுற்றி முறுக்கிவிட்டேன். பலகையை அவள் பாவாடை மறைத்துக்கொண்டிருந்தது.

முதல் மூன்று கரும்பும் சுத்தமாகப் போயிற்று. கூட்டம் கை தட்டியது. நாலாவது கரும்பில் கணு பெரிது, தள்ளிக் கொடுக்க வேண்டியிருந்தது. அவள் அப்பா சொன்னபடியே செய்தாள், அதில் ஒரு தப்பும் இல்லை. கையை இழுக்கவில்லை. காலைத்தான் எடுத்தாள். எடுத்துவிட்டு, நிற்கும் என்று காத்துக்கொண்டிருந்தாள். முழங்கை வரைக்கும் போனது. சவுரிராயன் குடத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்து வெறுங்கையால் பெல்ட்டைப் பிடித்து இழுத்துக் கழற்றினான். எல்லோரும் பெண்ணைத் தூக்கினார்கள். நான் கம்பியைப் பிரித்துச் சுருட்டி வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டேன். கார் பிடிக்க ஏற்பாடு செய்ததும் நான்தான்.

மறுநாள் காலை அவன் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே திருவெண்ணெய்நல்லூருக்குத் திரும்பி வந்தான். ஆலை அங்கேயேதான் நின்றது. மோட்டாரைப் போட்டுப் பலகையை மிதித்தான், எடுத்தான். நின்றது. மிதித்தான், எடுத்தான். நின்றது. காலையில் ஆரம்பித்தவன் மத்தியானச் சாப்பாட்டு வேளை தாண்டியும் அதையே செய்துகொண்டிருந்தான். ஒரு தடவைகூட அது நிற்காமல் இருக்கவில்லை. முருகையன் பொறுக்கமாட்டாமல், "போதும்யா, வா, ரெண்டு வாய் கேப்பைக் கூழாச்சும் குடி" என்று தோளைப் பிடித்து இழுத்தார். "இல்லீங்க, இது எங்கியோ மாட்டிக்குது. நான்தான் எங்கியோ தப்பு செஞ்சிருக்கறேன்" என்று சொல்லிவிட்டு மறுபடி மிதித்தான். நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். இப்போதே யோசிக்க ஆரம்பித்துவிட்டான், நல்லது என்று நினைத்துக்கொண்டேன்.

கல்யாணம் நின்றுபோனது. அதை என் கணக்கில் எழுத வேண்டாம். அது மாப்பிள்ளை வீட்டார் எடுத்த முடிவு. ஒரு கை இல்லாவிட்டால் என்ன, மற்றபடி நல்ல பெண் என்று நானே ஆள் அனுப்பிச் சொல்லிப் பார்த்தேன்.

காலண்டரில் நாளைக் குறித்து வைத்தேன். பத்தாம் நாள் அவன் வரவில்லை. பன்னிரண்டாம் நாளும் வரவில்லை. பெரிய காயம், பெரிய யோசனையாக இருக்கும், நாள் பிடிக்கும் என்று பொறுத்துக்கொண்டேன். இருபத்திரண்டாம் நாள் மேஜைக்கு முன்னால் வந்து நின்றான். கையில் காகிதம் இல்லை.

"கணக்கு முடிச்சிடுங்க மொதலாளி. நான் நின்னுக்கறேன்."

"ஏன்டா?"

"என் கையி சரியில்ல. நான் செய்யறதெல்லாம் என் வூட்டையே புடிச்சித் தின்னுது. இதை எப்பிடி இன்னொருத்தர் வூட்டுக்கு அனுப்புவேன்? எனக்குத் தூக்கமே இல்ல மொதலாளி. கண்ணை மூடினா அந்தப் புள்ள காலை எடுத்துட்டு என்னையே பாத்துக்கினு நிக்குது."

எனக்கு மனசு விட்டுப்போயிற்று. பத்து வருஷம் சோறு போட்ட இடம். எவ்வளவு செய்திருக்கிறேன் அவனுக்கு, எவ்வளவு துணிந்திருக்கிறேன். எவன் எனக்காக இதில் பாதி செய்திருப்பான்? ஒரு நன்றிகூடச் சொல்லாமல் போனான். வேலைக்காரன் என்றால் அப்படித்தான் என்று விட்டுவிட்டேன்.

நாலு மாதம் கழித்து, சவுரிராயன் குடும்பத்தோடு விழுப்புரம் போய் சிக்கந்தர் பாட்சாவிடம் சேர்ந்துவிட்டான் என்று கேள்விப்பட்டேன். அதற்குப் பிறகு என் கோடு எப்படி இறங்குகிறது என்று பாரத்தில் பாருங்கள். 1987இல் பதினொன்று. இந்த வருஷம் இதுவரைக்கும் மூன்று. அதே நேரத்தில் அங்கே ஒன்றரை வருஷத்தில் நாலு புது மெஷின் வந்துவிட்டது. செடியிலிருந்து மல்லாட்டையை ஆய்கிற மெஷின், பருப்பைச் சல்லடையில் பிரிக்கிறது, கையே உள்ளே போக முடியாதபடி சரிவாகக் கரும்பை வாங்கிக்கொள்கிற ஆலை, இன்னொன்றின் பெயர் எனக்கு வாயில் வரவில்லை. நாலும் எனக்கு வந்திருக்க வேண்டியவை.

போன மாதம் விழுப்புரம் போயிருந்தேன். ஒளிந்து பார்க்கிற புத்தி எனக்கு இல்லை, நேராகவே பட்டறைக்குள் போனேன். சிக்கந்தர் பாட்சா எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டு டீ வரவழைத்தார். எப்படி இவனிடம் வேலை வாங்குகிறீர்கள் என்று கேட்டேன்.

"நான் ஒண்ணுமே பண்லீங்க கிருஷ்ணசாமி. ஆளு வந்தப்ப ஒரே பேஜாரு. மெஷினைத் தொடவே மாட்டேன்னு அழுதுக்கினு இருந்தான். சரி, தொட வாணாம், மனசுல இன்னா வச்சிருக்கே, அதச் சொல்லு, தப்பா இருந்தாலும் பரவால்ல, எத்தினி மோட்டார் எரிஞ்சாலும் பரவால்லன்னு சொன்னேன். மறுநாளே ஒரு டிரங்குப் பெட்டியோட வந்து நின்னான்."

பெட்டியைத் திறந்தும் காட்டினார். மனுஷருக்குக் கபடம் கிடையாது. உள்ளே கட்டுக் கட்டாகக் காகிதம், எல்லாம் படம். அந்த நாலு மெஷினும் இருந்தது, இன்னும் வெளியே வராதது எட்டு, பத்து இருந்தது. ஒரு கட்டின் அடியில் தொட்டிக்குள் தொங்குகிற தகடு. அதற்கு அடுத்த தாளில் காலால் மிதிக்கிற பலகை. காகிதம் என் பட்டறையின் வேலைச் சீட்டு. சவுரிராயன் பின்பக்கத்தில் வரைந்திருக்கிறான். முன்பக்கத்தில் 1979 ஜூன் என்று தேதி போட்டு, கீழே என் கையெழுத்து. ஆரோக்கியத்தின் விரல் போனதற்கு இரண்டு வருஷம் முன்னால்.

"உங்ககிட்ட இருந்தப்பவே எல்லாம் போட்டு வச்சிருக்கறான். யாரும் கேக்கலியாம்" என்றார் சிக்கந்தர் பாட்சா.

அவர் சொன்னதை நான் யோசித்துப் பார்க்காமல் இல்லை. ஒரு வாரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு தெளிந்துவிட்டது. கையெழுத்து என்னுடையதுதான். ஆனால் முன்பக்கத்தில் இருக்கிற தேதி, பின்பக்கத்தை எப்போது வரைந்தான் என்று சொல்லாது. பழைய சீட்டு வீட்டில் கிடந்திருக்கும், பிற்பாடு எடுத்து வரைந்திருப்பான். அப்படித்தான் இருக்க முடியும். சும்மா கேட்டதற்கே ஒருவன் எடுத்துக் கொடுத்துவிடுவான் என்றால், நான் பட்ட பாட்டுக்கு என்ன அர்த்தம்?

நாளைக் காலை இங்கே பாரத்தை வாங்கிக்கொண்டு நீங்கள் விழுப்புரம் போகப்போவதாகச் சொன்னீர்கள். சிக்கந்தர் பாட்சாவிடமும் இதே பாரத்தைக் கொடுப்பீர்கள். ஒன்பதாவது கேள்விக்கு அவர் எந்தக் கட்டத்தில் டிக் அடித்தாலும் அதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அங்கே முப்பது பேர் வேலை செய்கிறார்கள். பேசிக்கொண்டே பட்டறையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து ஒவ்வொருவர் கையையும் பாருங்கள். யாருக்காவது விரல் குறைந்திருக்கும், இல்லாமல் நாலு மெஷின் வராது. எத்தனை என்று எண்ணி எனக்கு ஒரு கார்டு போட்டால் போதும். வாசலில் இடது கையால் பெயர் எழுதிக்கொண்டிருக்கிற அம்மாளையும், ஸ்டோர் ரூமில் ஒரு கை இல்லாமல் இருக்கிற பெண்ணையும் மட்டும் அந்த எண்ணிக்கையில் சேர்க்க வேண்டாம். அவர்கள் இரண்டு பேரும் நான் செய்தது.